கடலாடிப் பக்கத்து ஓடை: தலை எது, வாய் எது?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் கடலாடி வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவில் இருக்கிறது. ஊரை ஒட்டி ஒரு ஓடை போகிறது. பெரியவர்கள் அதை ‘உப்பாறு’ என்கிறார்கள், கிராமக் கணக்கு ‘ஓடை’ என்கிறது, கைபேசி வரைபடத்தில் பாதி தூரம் நீலக்கோடு வந்து அப்புறம் காணாமல் போகிறது. ஊர் வரலாறு எழுத உட்கார்ந்த நீங்கள் மூன்று விஷயம் கேட்கிறீர்கள்: அது எங்கே பிறந்து எங்கே முடிகிறது? ஆறா, ஓடையா? கிழக்குக் கரைக் கிணறு தித்திக்கும்போது மேற்குக் கரைக் கிணறு ஏன் கரிக்கிறது? மூன்றும் ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. அந்தப் பள்ளத்தில் கிடப்பது யாருடைய தண்ணீர் என்பதுதான் அது.

நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாவட்டத்தின் தெற்குப் பக்கத்தில் சங்கிலி இழுத்த காலத்திலிருந்து கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அளக்கும் காலம்வரை நடந்திருக்கிறேன். மண்ணடுக்கு என் தொழில் இல்லை. அந்த இடம் வரும்போது சொல்கிறேன். உங்கள் ஓடையையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அதே கரையில் அதே மாதிரி ஏழெட்டு ஓடைகளை அளந்திருக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது ஒவ்வொன்றும் கண்முன் வந்தது.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். அந்த ஓடைக்கு ஊற்றுக்கண் கிடையாது. மேற்கு மலையில் பிறந்து இறங்கிவரும் ஆறுகளைப் பற்றிப் பள்ளியில் படித்த நமக்கு, எந்த நீருக்கும் ஒரு தலை இருக்க வேண்டும் என்று தோன்றும். நம் சீமையில் பெரும்பாலான ஓடைக்குத் தலை என்பது ஒரு கண்மாயின் கலுங்குதான், அதாவது நிறைந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் கல்கட்டு. மேட்டில் ஒரு கண்மாய் நிறையும், கலுங்கு விழும், மறுகால் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு வரத்துக்கால் வழியாகப் போகும், அது நிறைந்து அதற்குக் கீழே உள்ளதற்குப் போகும். கடைசிக் கண்மாய்க்குக் கீழே வாங்கிக்கொள்ள ஆள் இல்லாதபோது அந்த மறுகால்தான் கடலை நோக்கி ஓடையாக நடக்கிறது. அதனால் உங்கள் ஓடையின் தலையைத் தேட வேண்டுமானால் சாலைப் பாலத்திலிருந்து வடக்கே மேட்டுப் பக்கமாக நடங்கள். முதலில் குறுக்கிடும் கலுங்குதான் ஓடையின் தலை. அதற்கு மேலே இருப்பதெல்லாம் சங்கிலியின் மற்றக் கண்ணிகள்.

அந்தச் சங்கிலி எவ்வளவு தூரம் மேலே போகிறது என்பது வேறு கதை. உங்கள் பக்கத்தில் பல கண்மாய்களுக்கு மூலம் குண்டாறு. சேதுபதிகள் காலத்தில் வெட்டியதாகச் சொல்லப்படும் ரகுநாத காவிரிக் கால்வாய் கமுதிப் பக்கம் குண்டாற்றில் பிரிந்து முதுகுளத்தூர் வழியாகக் கிழக்கே வருகிறது. உங்கள் மேல்கண்மாய் அதில் தொட்டுக்கொண்டிருந்தால் ஓடையில் வருவது எங்கோ விருதுநகர்ச் சீமையில் பெய்த மழை. தொட்டுக்கொள்ளாவிட்டால் அது சுற்றுப்பட்டு நாலு ஊர்க் காட்டில் பெய்த மழை மட்டுமே. நாங்கள் ‘வானம் பார்த்த கண்மாய்’ என்போம். இரண்டில் எது என்பதை இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. ஊரில் நீர்ப்பாய்ச்சி (கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிறவர்) குடும்பத்தார் யாராவது இருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்வார்கள். குண்டாறு மூக்கையூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஓடை அதன் கிளை என்று யாராவது எழுதியிருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். குண்டாற்றுத் தண்ணீர் கண்மாய் வழியாக வருவதும் குண்டாற்றின் கிளையாக இருப்பதும் ஒன்றல்ல.

அடுத்து, கீழ்ப்பக்கம். இதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். அந்தக் கடற்கரையில் தரை கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கினாலே பெரிது. மன்னார் வளைகுடாவில் கடல் ஏறுவதும் வத்துவதும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகம், அட்டமி நவமிக்குக் குறைவு. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முக்கால் மீட்டர் ஏற்றம், கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்றால், வாய் திறந்திருக்கும் நாளில் கடல் முக்கால் கிலோமீட்டர் தாராளமாக உள்ளே வரும். ஓடையின் அடி சுற்றுத் தரையைவிட ஆழமாக இருப்பதால் உண்மையில் இன்னும் தூரமே போகும். ஆக, ஓடையின் கீழ்ப்பாதி ஒரு நாளில் இரண்டு முறை கடலாகிறது. தண்ணீர் கடலைப் பார்த்து ஓடுவதும் ஊரைப் பார்த்து ஓடுவதும் அங்கே மாறிமாறி நடக்கும். காலையில் ஒரு பனங்குரும்பையை ஓடையில் போட்டுவிட்டுச் சாப்பிட்டு வந்து பாருங்கள். அது மேற்கொண்டு ஊர்ப்பக்கம் மிதந்து வந்திருந்தால் நீங்கள் நிற்பது கடலின் விரல் மேல். நெய்தல் பாட்டுகளில் ‘கழி’ என்று வருவது இதைத்தான். உப்பாறு என்று உங்கள் பாட்டன்மார் சொன்னதும் சரிதான்.

‘வாய் திறந்திருக்கும் நாளில்’ என்றேன். அங்கேதான் நான் ஒரு முறை அசடு வழிந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆவணி மாதம் ஒரு ஓடையின் முகத்துவாரத்தை அளக்கச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் முகத்துவாரமே இல்லை. இடுப்பளவு மணல்மேடு குறுக்கே கிடந்தது, அதன் மேல் அடப்பங்கொடி பூத்திருந்தது, உட்பக்கம் பச்சையாக ஒரு குட்டை. குட்டையின் நுனியைக் கடைசிப் புள்ளியாக வைத்துக் கல் நட்டுவிட்டு வந்தேன். மார்கழியில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது கல் நின்ற இடத்தில் ஆளை இழுக்கும் வேகத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வருடம் வாய் இன்னும் கிழக்கே நகர்ந்து, பழைய இடத்தில் மறுபடி மணல். என்னோடு வந்த செயின்மேன், எனக்கு அப்பா வயது, வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: “ஓடைக்கு வாய் ஒன்னுதான்னு யாரு சார் சொன்னா?”

காரணம் இதுதான். வைகாசியிலிருந்து புரட்டாசிவரை தென்மேற்கிலிருந்து வரும் அலை கரையைச் சாய்வாக அடித்து, மணலைக் கிழக்கும் வடகிழக்குமாக நகர்த்திக்கொண்டே இருக்கும். அந்த மாதங்களில் ஓடையில் தண்ணீர் இல்லை. மணலை எதிர்த்துத் தள்ள யாரும் இல்லாததால் வாய் மூடிக்கொள்கிறது. வருடத்தில் 800 மில்லிமீட்டர் சுமாருக்குப் பெய்யும் மாவட்டம் இது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான். மழை பெய்து, கண்மாய்கள் ஒவ்வொன்றாக நிறைந்து, கடைசிக் கலுங்கு விழுந்து, மணல்மேட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி ஏறும். ஒரு நாள் எங்கே தாழ்வோ அங்கே உடையும். சில ஊர்களில் வெள்ளம் வீட்டுக்குள் வருமுன் மம்பட்டியால் ஒரு கோடு கீறிவிடுவார்கள். கால் நனைக்கிற அகலத்தில் தொடங்கும் அந்தக் கோடு சிறிது நேரத்திலேயே ஆள் இறங்க முடியாத வாயாகிவிடும். அப்புறம் தை, மாசிவரை திறந்து கிடக்கும். நல்ல மழை இல்லாத வருடம் உடையாமலே போவதும் உண்டு. உங்கள் ஓடை கடலுக்குக் கொஞ்சம் முன்னால் திடீரென்று திரும்பி, கரைக்கு இணையாகக் கிழக்கே ஓடி, பிறகு கடலில் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் திருப்பம் மணல் தள்ளித் தள்ளி உண்டானது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் திருப்பத்தின் நீளத்தை வைத்து ஓடையின் வயதைக் கணக்கிட முயலாதீர்கள். ஒரு பெரும்புயல் அதை ஒரே இரவில் நேராக்கிவிடும்.

கீழக்கரை, வேம்பார்த் தீவுக் கூட்டங்கள் கரைக்கு முன்னால் நிற்பதையும் மறக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் அலையை உடைக்கும் வேலையைச் செய்கின்றன. தீவின் நிழலில் இருக்கும் கரையில் மணல் ஒதுங்கும் விதம் வேறு, திறந்த கரையில் வேறு. வடகடல் பக்கம் போனால் கதையே மாறிவிடும். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, அலை சிறியது, அடியில் சேறு. கோட்டக்கரையாறு கடல் சேரும் காரங்காட்டில் பாருங்கள், மணல்மேடு கட்டி வாயை அடைக்கிற வேலை இல்லாமல் சேற்றில் அலையாத்திக் காடு நிற்கிறது. நண்பர் ஒருவர் தொண்டிப் பக்கத்து ஓடையை வைத்து உங்களுக்குப் பதில் எழுதியிருந்தார். அவர் சொன்னது அவர் ஊருக்குச் சரி, உங்கள் கரைக்குப் பொருந்தாது.

சரி, நன்னீர் எங்கே முடிந்து கடல் எங்கே தொடங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கருவி இல்லாமலே பாதி தெரியும். கோரையும் சம்பும் நிற்கும்வரை கண்மாயின் ஆட்சி. உமரி சிவந்து தரையோடு படரத் தொடங்கினால் உப்பின் ஆட்சி. இரண்டும் கலந்து, ஒன்றும் செழிக்காமல், வெறும் பொருக்குத் தரையாக ஒரு துண்டு நடுவில் இருக்கும், அதுதான் எல்லை. மீனையும் கேளுங்கள். அயிரை, விரால் இறங்கிவரும் இடம்வரை கண்மாய், மடவை கூட்டமாக ஏறிவரும் இடம்வரை கழி என்று பொதுவாகச் சொல்லலாம். மடவை நன்னீரிலும் கொஞ்ச தூரம் ஏறும் என்பதால் இதை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள். துல்லியம் வேண்டுமென்றால் இறால் பண்ணைக்காரர்களிடம் உப்பை அளக்கும் கையடக்கமான ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கும், இரவல் கேளுங்கள். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு நிற்கும் எண்தான் லிட்டருக்கு ஏறக்குறைய எத்தனை கிராம் உப்பு என்பது. கடல்நீர் 35 சுமாருக்குக் காட்டும். பாலத்திலிருந்து கடல்வரை இருநூறு அடிக்கு ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொண்டு போனால் ஒரு காலை வேளையில் வேலை முடிந்துவிடும்.

இதில் ஒரு சட்டச் சங்கதியும் உண்டு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், 2011இல் வந்ததும் 2019இல் வந்ததும், ஓதம் (கடலின் ஏற்ற இறக்கம்) ஏறும் ஓடைகளில் கட்டுப்பாடு எதுவரை என்பதை 5 என்ற எண்ணை வைத்துத்தான் தீர்மானிக்கின்றன: வருடத்தின் மிக வறண்ட காலத்தில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு எதுவரை இருக்கிறதோ அதுவரை. நதிகளுக்கு இது பொருத்தமான அளவுகோல். உங்கள் மாதிரி ஓடைக்கு வினோதமாகிவிடும். வறண்ட காலத்தில் வாய் மூடியிருக்கும். ஓதமே உள்ளே வராது. ஆனால் தேங்கிய குட்டை வெயிலில் சுண்டிச் சுண்டிக் கடலைவிடக் கரிக்கும். சித்திரையில் அதன் ஓரத்தில் உப்பு தானாகவே வெள்ளையாகப் பூத்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சட்டம் கேட்பது ஓதத்தை, அளப்பது உப்பை. யாராவது உங்கள் ஓடையில் எல்லை போட வந்தால் எந்த மாதம் அளந்தார்கள், அன்று வாய் திறந்திருந்ததா என்று மறக்காமல் கேளுங்கள்.

கிணற்றுக்கு வருவோம். மழைநீர் உப்புநீரைவிட லேசு. மணலில் இறங்கிய மழை, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு வில்லை மாதிரி மிதக்கும். கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு பங்கு நின்றால் கீழே நாற்பது பங்கு ஆழத்துக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும். அதனால்தான் கடலுக்குப் பத்தடி தள்ளி மணலில் ஊற்றுத் தோண்டி, நம் பெண்கள் சிரட்டையால் கோதிக் கோதிக் குடம் நிறைக்கிறார்கள். உங்கள் கிழக்குக் கரையில் பனங்காடும் மணல்மேடும் இருக்கிறது என்றீர்கள். மணல் மழையைக் குடித்துக்கொள்கிறது, கிணறு தித்திக்கிறது. மேற்குக் கரை களிமண். மழை மேலோடு ஓடிவிடுகிறது, மண்ணில் பழைய உப்பு கழுவப்படாமல் கிடக்கிறது. இதுவரை உறுதி. அந்த மணல்மேடு எப்படி வந்தது என்பதுதான் என் எல்லைக்கு அப்பால். காற்று குவித்த தேரியாக இருக்கலாம், பழைய கடற்கரையின் கரையாக இருக்கலாம், ஓடை முன்பு ஓடிய படுகையாகவும் இருக்கலாம். ராமேசுவரம் தீவில் பவளப்பாறை கடல் மட்டத்துக்கு மேலே தரையாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, இந்தக் கரையில் கடல் ஒரு காலத்தில் இப்போதையைவிட உள்ளே இருந்தது என்பதில் வியப்பு இருக்காது. கிணறு தோண்டும்போது வந்த மண்ணை ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். ஒரே அளவில் மாவு மாதிரி இருந்தால் காற்று. சிப்பித்தூள் மின்னினால் கடல். பெரிதும் சிறிதுமாக, முனை மழுங்காத கற்கள் இருந்தால் ஓடை. நிபுணரிடம் போகும்போது அந்தப் பிடி மண்ணைக் கையில் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் சொல்வேன்: தித்திக்கிற கிணற்றில் பெரிய மோட்டார் வைக்க வேண்டாம் என்று ஊரில் சொல்லிவையுங்கள். மேலே ஓரடி இறங்கினால் அடியிலிருந்து உப்பு நாற்பதடி ஏறும் கணக்கு அது.

ஆறா, ஓடையா? கணக்கில் ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் அரசாங்கத்துக்கு அது ஓடை, அவ்வளவுதான். அகலத்தை வைத்தோ தண்ணீரை வைத்தோ யாரும் அந்தப் பெயரை இடவில்லை. இங்கே இன்னொன்றும் உண்டு. ராமநாதபுரம் ஜமீன் சீமை. 1948ஆம் வருட ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் பெரும்பாலான ஊர்கள் ரயத்துவாரிக் கணக்குக்கு, அதாவது நிலக்காரர் அரசுக்கு நேராக வரி கட்டும் முறைக்கு, வந்தன. ஆகவே உங்கள் ஊர்ப் புலப்படம் (சர்வே எண் வாரியாக நிலத்தை அளந்த வரைபடம்) அநேகமாக அதற்குப் பிந்தையது. ஓடையின் பழைய போக்கு அதில் இருக்காது. இந்திய நில அளவைத் துறையின் தாள்களில் உங்கள் பகுதி 58 கே வரிசையில் வரும். பழைய பதிப்பு கிடைத்தால் புலப்படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வாய் வேறுவேறு இடத்தில் இருந்தால் ஒன்று தப்பு என்று நினைக்க வேண்டாம். என் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். பெயரைப் பொறுத்தவரை, பாலத்துக்கு மேலே ‘ஓடை’, கீழே ‘உப்பாறு’ என்று இரண்டையும் போடுங்கள். உங்கள் பெரியவர்களும் அப்படித்தான் வழங்கியிருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

நடக்கப் போகும்போது கரிமூட்டம் போடுகிற ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கும் ஓடையில் உள்ளே நுழைந்து வெட்டுகிறவர்கள் அவர்கள்தான். எந்த மடுவில் வைகாசிவரை தண்ணீர் நிற்கும், எங்கே பழைய கலுங்குக் கல் புதைந்து கிடக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. சாலைப் பாலத்தின் கண்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒற்றைக் கண் குழாய்ப் பாலம் என்றால் சாலை போட்டவர்கள் இதைப் பெரிய நீராக நினைக்கவில்லை. மூன்று கண், ஐந்து கண் என்றால் ஒரு காலத்தில் வந்த வெள்ளத்தை யாரோ பார்த்திருக்கிறார்கள்.

கண்மாய்த் தண்ணீர் ‘வீணாகக் கடலில் கலக்கிறது’ என்று உங்கள் கேள்வியின் கடைசியில் ஒரு வரி வருத்தப்பட்டிருந்தீர்கள். இதில் நான் உங்கள் கட்சி இல்லை. அந்த மறுகால் வராவிட்டால் வாய் உடையாது, மடவையும் இறாலும் ஏறாது, மேற்குக் கரையின் உப்பு இன்னும் இறுகும். இந்த வருடம் கடைசிக் கலுங்கு விழுகிற தேதியையும் மணல் உடைகிற தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நடுவில் எத்தனை நாள் என்று எனக்கும் எழுதுங்கள். நான் அளந்த ஓடைகளில் யாரும் அதைக் குறித்து வைத்ததில்லை, நான் உட்பட.